தேபுவுக்கும் நிருபமுக்கும் நடுவே

"நிருபம்கிட்ட சொல்லு, அந்த இடத்துல எனக்கு இருட்டு வேணும்."

நடனக்காரி தேபஜானி ஷீல் இதைச் சொன்னபோது, ஒளியமைப்பாளன் நிருபம் பத்தடி தள்ளி ஏணிக்குக் கீழே நின்று மண்குவளையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். காது நன்றாகக் கேட்கிற ஆள்தான். ஆனாலும் திரும்பிப் பார்க்கவில்லை. ருனு நடந்து போய் அவனிடம் சொன்னாள்.

"தேபுவுக்கு அந்த இடத்துல இருட்டு வேணுமாம்."

"முடியாதுன்னு சொல்லு ருனுதி."

ருனு திரும்பி நடந்தாள். "முடியாதாம்."

"கேட்டுச்சு," என்றாள் தேபு. "ஏன்னு கேளு."

ருனு மேடையின் நடுவிலேயே நின்றுவிட்டாள். நிருபம் ஏணியைப் பார்த்தபடி குரலை உயர்த்தினான். "கதவைச் சாத்திட்டு வெள்ளம் வந்துச்சுன்னா எவன் நம்புவான்னு சொல்லு!"

இரண்டு வருடமாக இப்படித்தான். அப்போது ஒரு நிகழ்ச்சிக்குத் தேபு கட்டி வந்த காவிப் புடவையைப் பார்த்து, "என் நீல வெளிச்சத்துல இது அழுகின பூசணி மாதிரி இருக்கு" என்று நிருபம் சொல்லிவிட்டான். "வெளிச்சம் உன்னோடதுன்னா சூரியன் யாரோடதுப்பா?" என்று தேபு கேட்டாள். நடனக் குழு முழுக்கச் சிரித்தது. அதோடு பேச்சு நின்றது. வேலை நிற்கவில்லை. தேபுவின் உடம்பில் வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்று கொல்கத்தாவில் அவனைப் போல யாருக்கும் தெரியாது. அவன் போட்ட வெளிச்சத்துக்குள் தேபுவைப் போல யாரும் நிற்க மாட்டார்கள். இருவருக்கும் இது தெரியும். ஆகவே குறுக்கே ருனு நடந்தாள்.

அவள் முழுப்பெயர் ஷர்பரி லாஹா. நிகழ்ச்சித் தாளின் கடைசி வரியில், மேடை நிர்வாகம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அப்படி அச்சாகும். மற்றபடி வயதில் சின்னவர்கள் எல்லோருக்கும் அவள் ருனுதி, அதாவது ருனு அக்கா. கொன்னகரிலிருந்து உள்ளூர் ரயிலில் ஹவுரா வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து அரங்கங்களுக்கு வருவாள். பையில் கத்தரிக்கோல், ஊக்கு, நூல், வலிக்குத் தடவும் களிம்பு, ஒரு பொட்டலம் பொரி, ஒரு கறுப்புப் புடவை. மேடையோர இருட்டில் நிற்கிறவள் கறுப்புதான் உடுத்த வேண்டும். வங்காள வீடுகளில் வியாழக்கிழமை லட்சுமி நாள் என்பதால், கல்யாணமான புதிதில் மாமியார் அந்தப் புடவையோடு அவளை வாசலைத் தாண்ட விடவில்லை. அப்போது பையில் மடித்து வைத்து, அரங்கத்துக் குளியலறையில் மாற்ற ஆரம்பித்தாள். மாமியார் போய் வருடங்கள் ஆகியும் வியாழக்கிழமையானால் கை தானாகவே புடவையை மடித்துப் பையில் வைத்துவிடும்.

சின்ன வயதில் தேபுவும் அவளும் ஒரே குருவிடம் நடனம் படித்தார்கள். ருனு உயரம். உயரமான பெண்ணைக் கடைசி வரிசையில் வைத்தார்கள். பிறகு திரைக்குப் பக்கத்தில். ஒரு நாள் திரை இழுக்கிற ஆள் வரவில்லை, ருனு இழுத்தாள், சரியான நேரத்தில் இழுத்தாள். அன்றைக்கு ஆரம்பித்தது. வருத்தப்பட்டாளா என்று யாராவது கேட்டால், யோசிக்க நேரம் கிடைக்கவில்லை என்பாள். அது உண்மையும்கூட. யாருக்கு எப்போது பசிக்கும், எந்த மத்தளக்காரர் எப்போது வெளியே சிகரெட்டுக்கு நழுவுவார், எந்தப் பெண் மேடையேறும் முன் வாந்தியெடுப்பாள் என்பதையெல்லாம் ஒருத்தி மண்டையில் வைத்துக்கொண்டிருந்தால் வேறு எதற்கு அங்கே இடமிருக்கும்?

நிகழ்ச்சி நடக்கும்போது அவள் இடம் மேடையின் இடது ஓரம். காதில் ஹெட்செட். பார்வையாளர்களுக்குப் பின்னால், மாடியில் ஒரு கண்ணாடி அறை. அங்கே விளக்குப் பலகைக்கு முன்னால் ஹாரு. நிருபம் வடிவமைத்த வெளிச்சங்கள் ஒவ்வொன்றும் வரிசையாகப் பலகையில் ஏறியிருக்கும். ருனு மேடையைப் பார்த்துக்கொண்டே ஒரு சொல் சொல்வாள். ஹாரு பொத்தானை அழுத்துவான். அடுத்த வெளிச்சம் வரும். அந்தச் சொல்லை வேறு எதற்காகவும் ஹெட்செட்டில் சொல்லக்கூடாது.

ஆரம்பத்தில் எல்லோரையும் போல இவர்களும் ஆங்கிலத்து 'கோ' என்றுதான் வைத்திருந்தார்கள். குழுவின் மத்தளக்காரர் பெயர் கோரா. ஒரு மாலை ருனு பதறிப்போய், "கோரா எங்கே?" என்று கேட்க, முதல் எழுத்திலேயே ஹாரு அழுத்திவிட்டான். சோகக் காட்சியில் ஹோலிப் பண்டிகையின் வெளிச்சம் வந்து விழுந்தது. கோராவின் பெயரை மாற்ற முடியாது. சொல்லை மாற்றினார்கள். வங்காள மொழியில் 'போ' என்பதற்கு 'ஜா'. அதையே வைத்துக்கொண்டார்கள்.

அதில் ஒரு வம்பு இருப்பது ருனுவுக்கு அன்றைக்கே தெரியும். ஏதாவது கை தவறினால், பால் பொங்கினால், பந்து கோலுக்கு வெளியே போனால், வங்காளி வாயிலிருந்து வருவதும் 'ஜாஃ!'தான். நாம் 'அடடா' என்கிற மாதிரி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம் என்று யாரும் கவனிப்பதில்லை. ருனு கவனித்தாள். வாயைப் பழக்கினாள். வீட்டில் தட்டு உடைந்தாலும் 'ஏ மா' என்றுதான் சொன்னாள். கணவன் தபனுக்கு இது ஒரே வேடிக்கை. டிவியில் மோகன் பகான் கோல் வாங்கும்போது அவளைத் திரும்பிப் பார்த்து, "சொல்லு, சொல்லு, இங்க பொத்தான் எதுவும் இல்ல!" என்பான்.

இந்தக் குளிர்காலத்துக்குத் தேபு செய்தது ஆற்றங்கரை இடிந்து வீட்டை இழந்த ஒருத்தியின் கதை. இரண்டு மாலை நிகழ்ச்சி. முடிவில் அந்தப் பெண் வெறும் பானையை மடியில் வைத்துத் தரையில் உட்கார்ந்திருப்பாள். வெளிச்சம் சுருங்கி அவள் முகத்தில் நிற்கும். பிறகு அவள் எழுவாள். எழும்போதே மேடையின் பின்புறத்திலிருந்து தண்ணீர் நிறத்தில் வெளிச்சம் தரையோடு பாய்ந்து வரும். அவள் அதற்குள் நடந்து போவாள். அந்த வெள்ளத்துக்காக நிருபம் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டான்.

சிக்கல் எழுவதில் இருந்தது. துர்கா பூஜை முடிந்த வாரம், தேபுவின் வீட்டு மாடியில் பயிற்சி. எல்லோரும் போன பிறகும் தேபு பானையோடு தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, குடியேறிட்டியா?" என்றாள் ருனு.

"கையைக் குடு."

ருனு கொடுத்தாள். தேபு எழுந்த விதத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது.

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டினா வெட்டணும்பான். தரையில கையை ஊனினா எழுந்துடறேன். ஊனாம முடியல." தேபு முட்டியைப் பிடித்துக்கொண்டே பேசினாள். "யார்கிட்டயும் மூச்சு விடாதே. நிருபம் காதுக்குப் போச்சுன்னா டீ ஆறறதுக்குள்ள பாலிகஞ்ச் வரைக்கும் போயிடும். அப்புறம் என்னை ஆடக் கூப்பிட மாட்டாங்க ருனு. விளக்கேத்தவும் பரிசு குடுக்கவும்தான் கூப்பிடுவாங்க."

ஆக, இருட்டு வேண்டும். கையை ஊன்றி எழுகிற நேரத்துக்கு மட்டும். ஏன் என்று நிருபமிடம் சொல்லக்கூடாது.

ருனு பொய் சொன்னாள். பாடகி ஷ்யாமஸ்ரீக்குச் சுருதி மாற்ற இடைவெளி வேண்டுமாம் என்றாள். நிருபம் நேராகப் போய் ஷ்யாமஸ்ரீயைக் கேட்டான். "எனக்கா? தண்ணிக்குள்ள தலையை அமுக்கினாலும் பாடுவேனே," என்றாள் அந்த அம்மாள். ருனு அடுத்த பொய்யை எடுத்தாள். புடவைக் கொசுவம் காலில் மாட்டுகிறதாம், சரிசெய்ய வேண்டும்.

"அப்ப கொசுவத்தைத் தூக்கிக் கட்டச் சொல்லு," என்றான் நிருபம்.

"கரையோரக் குடியானவ அப்படிக் கட்ட மாட்டாளாம்."

"குடியானவ இருட்டுலதான் எழுந்திருப்பாளா?"

இப்படி மூன்று நாள் போய் வந்ததில் ருனுவுக்குக் கணுக்கால் வீங்கியது. கடைசியில் நிருபமே கொஞ்சம் இறங்கினான். "சரி. இருட்டு கிடையாது. அந்தி தரேன். மங்கலா இருக்கும், அவ்வளவுதான். அவங்க எழுந்து நின்னதும் நீ சொல்லு, வெள்ளத்தை விடறோம். நின்னதுக்கு அப்புறம்தான். உன் கண்ணை நம்பித் தரேன் ருனுதி."

முதல் மாலை அரங்கம் நிறைந்திருந்தது. எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. கடைசிக் காட்சிக்கு வெளிச்சம் சுருங்கியது. பிறகு அந்தி இறங்கியது. இடது ஓரத்தில் நின்ற ருனுவுக்குத் தேபுவின் பக்கவாட்டு உருவம் தெரிந்தது. எத்தனையோ வருடமாக அவள் பார்த்த தேபு அந்தப் பாதிதான்.

"அடுத்ததுக்குத் தயாரா இரு ஹாரு," என்றாள்.

"தயார் ருனுதி."

தேபு கையை ஊன்றினாள். பாதி எழுந்தாள். உள்ளங்கை வியர்வையில் வழுக்கியது. முட்டி தரையில் இடித்த சத்தம் ருனுவுக்குக் கேட்டது.

"ஜாஃ!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. அதற்குள் வெள்ளம் வந்துவிட்டது. பின்புறத்திலிருந்து, தரையோடு, அலை அலையாக, நிருபம் ஒரு மாதம் உழைத்த அத்தனை அழகோடும் வந்தது. அதன் நட்டநடுவில் தேபு நாலு காலில் கிடந்தாள்.

ஹெட்செட்டில் ஹாரு. "ருனுதி! அவங்க இன்னும் எழலையே! திரும்ப எடுத்துடவா?"

எடுத்திருக்கலாம். ஆனால் வந்த வெளிச்சம் திரும்பிப் போனால், தப்பு நடந்தது என்று கடைசி வரிசைக்கும் தெரிந்துவிடும்.

"வேணாம். விடு," என்றாள் ருனு.

ஷ்யாமஸ்ரீ பாட்டின் கடைசி அடியைத் திரும்பப் பாடினாள். இன்னொரு தடவை பாடினாள். கோரா கண்ணை மூடிக்கொண்டு தாளத்தை இழுத்துப் பிடித்தார். தேபு ஒரு கையை ஊன்றி, பிறகு மறு கையையும் ஊன்றி, இடது காலை முன்னால் கொண்டுவந்து, தாங்கி, எழுந்தாள். யாரோ இருமினார்கள். அவள் திரும்பி வெளிச்சத்துக்குள் நடந்து போனாள். கைதட்டல் வந்தது. வழக்கமாக வருவதைவிடச் சற்றுப் பிந்தி வந்தது.

ஒப்பனை அறையில் அன்றைக்குப் பூங்கொத்து கொண்டுவந்தவர்களைவிட டாக்டர் பெயர் கொண்டுவந்தவர்கள் அதிகம். "என் நாத்தனாருக்கு இதே முட்டிதான், ஆபரேஷன் பண்ணி இப்ப மாடிப்படி ஏறறாங்க!" "என் மச்சான்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க, உடனே பாப்பான்." தேபு எல்லோருக்கும் கை கூப்பினாள், சிரித்தாள். கதவு சாத்தியதும் சலங்கையைக் கழற்ற ஆரம்பித்தாள். குனிய முடியவில்லை. ருனு கீழே உட்கார்ந்து கழற்றிவிட்டாள்.

"வாய் தவறிடுச்சு தேபு."

தேபு கண்ணாடியில்கூட அவளைப் பார்க்கவில்லை.

வெளியே நடையில் நிருபம் நின்றிருந்தான். கத்துவான் என்று ருனு எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் அவளுக்கும் லேசாக இருந்திருக்கும்.

"முட்டியா?" என்றான்.

ருனு தலையசைத்தாள்.

"சுருதின்னு சொன்னே. கொசுவம்னு சொன்னே. நானும் உன் பேச்சை நம்பிக் கொசுவத்துக்கு வெளிச்சம் வச்சேன் பாரு! முட்டின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, தரையில விழற விளக்கை எல்லாம் எடுத்துட்டுப் பக்கத்துலேருந்து இடுப்புக்கு மேல மட்டும் போட்டிருப்பேனே. கீழே எதுவும் தெரியாது. கையை ஊனட்டும், காலை ஊனட்டும், எனக்கென்ன? தண்ணிக்குள்ளேருந்து மேலே வர மாதிரி இருந்திருக்கும்."

"அவ சொல்லாதேன்னா."

"நான் கேட்டதை அவங்ககிட்ட கொண்டுபோறே, அவங்க சொன்னதை என்கிட்ட கொண்டுவர்றே. வழியில பாதியை எங்க போட்டுட்டு வர்றே ருனுதி?"

ருனு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒருத்தி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். லிலுவா, பேலூர், பாலி ஸ்டேஷன்கள் எல்லாம் போயின. தேபுவின் மேல் கோபம் வருமா என்று பார்த்தாள், வரவில்லை. நிருபமின் மேலும் வரவில்லை. கோபப்பட உடம்பில் தெம்பு வேண்டும் அல்லவா? இருவரும் தாங்கள் சொல்ல வெட்கப்பட்டதையெல்லாம் அவளிடம் கொடுத்து அனுப்பினார்கள். அவளும் மறுக்காமல் வாங்கி வாங்கி நடந்தாள். எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்று நடுவழியில் நின்று அவளே முடிவு செய்தாள். அப்படிச் செய்வதைத் திறமை என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.

மறுநாள் மதியம் அரங்கத்துக்குள் நுழையும்போது தேபு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நிருபம் மேடையில் வயர் சுற்றிக்கொண்டிருந்தான்.

"நிருபம்கிட்ட சொல்லு," என்று தேபு ஆரம்பித்தாள். "அந்தி கிந்தி எல்லாம் வேணாம். முழு இருட்டு. இல்லன்னா இன்னைக்குக் கடைசிக் காட்சியே கிடையாது. உக்காந்த இடத்துலயே முடிச்சுடறேன்."

ருனு பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். "நீயே சொல்லு."

"என்னது?"

"அதோ நிக்கறான். குரலை உசத்தக்கூட வேண்டாம்."

"ருனு, நேத்து நீ பண்ணின வேலைக்கு…"

"பண்ணினேன். வாய் தவறினது என் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா இதை நான் தூக்கிட்டுப் போக மாட்டேன். கால் வலிக்குது தேபு. நெஜமாவே வலிக்குது."

தேபு அவளை முறைத்தாள். ருனு பொரிப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டாள். மேடையில் வயர் சுற்றும் சத்தம் நின்றுவிட்டிருந்தது. தேபு நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தாள். பக்கவாட்டுப் படியில் ஒவ்வொரு படியாக ஏறினாள்.

"நிருபம்."

"சொல்லுங்க தேபுதி."

"எனக்கு முட்டி போயிடுச்சு."

"எந்த முட்டி?"

"வலது."

"நல்லது."

"நல்லதா!"

"இடதுன்னா அந்தப் பக்கத்து விளக்கை எல்லாம் மாத்தி மாட்டணும். நாள் பத்தாது. வலதுன்னா இருக்கறதைக் கொஞ்சம் மறைச்சாப் போதும்." அவன் வயரைக் கீழே போட்டான். "உக்காந்து எழுந்து காட்டுங்க."

தேபு கீழே உட்கார்ந்தாள். கையை ஊன்றி எழுந்து காட்டினாள். அவன் எதிரே குந்தி உட்கார்ந்து, மாட்டு வைத்தியன் மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"இன்னொரு தடவை."

"இன்னொரு தடவை எழ முடிஞ்சா உன்கிட்ட எதுக்குடா வந்து நிக்கறேன்?"

நிருபம் சிரித்துவிட்டான். தேபுவுக்கும் வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி முன்வரிசையைப் பார்த்தார்கள். ருனு பொரிப் பொட்டலத்தை மடித்தாள்.

மேடையேறி, தேபு எழுந்து காட்டிய இடத்தில் அவள் உட்கார்ந்தாள். மேடை விளக்குகள் அணைந்தன. பக்கத்துக் கம்பத்திலிருந்து ஒரு வெளிச்சம் வந்து அவள் தலைக்கு மேலே காற்றில் நின்றது. ஏணிமேல் நிருபம் விளக்கின் கீழ்ப்பாதியை மறைக்கும் தகட்டை நகர்த்தினான். முன்வரிசையில் தேபு.

"எழு," என்றான் நிருபம்.

ருனு எழுந்தாள். முதலில் முடி, பிறகு நெற்றி, பிறகு முகம் வெளிச்சத்துக்குள் வந்தன.

"கையை ஊனினியா?" என்று கேட்டாள் தேபு.

"ஊனாம? எனக்கும் உன் வயசுதானேடி."

"தெரியலையே!" தேபுவின் குரல் மாறியிருந்தது. "நிருபம், ஊனினது தெரியவே இல்லப்பா."

"தோள்ல ஒரு பிசிறு வெளிச்சம் அடிக்குது. தகட்டை ஒரு விரல் ஏத்தறேன்."

"ஏத்தாதே. முகத்துக்கு வர நேரம் ஆகும்."

"ஆகட்டுமே தேபுதி, மெதுவா வந்தாத்தானே நல்லாருக்கும்."

"பாட்டு ஓடிடும்டா."

"ஷ்யாமஸ்ரீதி நேத்து மூணு தடவை பாடினாங்க, இன்னைக்கு ரெண்டு தடவை பாட மாட்டாங்களா? உக்காரு ருனுதி, இன்னொரு தடவை பாக்கலாம்."

ருனு உட்கார்ந்தாள். தரை குளிர்ச்சியாக இருந்தது. தலைக்கு மேலே வெளிச்சம் ஒரு விரல் ஏறியது, அரை விரல் இறங்கியது. ஏணியிலிருந்தும் முன்வரிசையிலிருந்தும் பேச்சு நேராகப் போய் வந்தது. ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்தார்கள், சிரித்தார்கள், மறுபடி பாய்ந்தார்கள்.

"ருனு! எழுந்திரு, பாக்கணும்!"

"இருடி," என்றாள் ருனு காலை நீட்டிக்கொண்டு. "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க. நான் கொஞ்ச நேரம் இப்படியே உக்காந்துக்கறேன்."